குளத்து நீர்மட்டக் கருவி தாறுமாறாகக் காட்டுகிறதா? சென்சாரை மாற்றும் முன் நேரத்தைக் குறியுங்கள்

பழவேற்காடு ஏரியையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டிய ஊர்களில் இப்போது ஒரு புதுப் பழக்கம் பரவி வருகிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை நூறு ரூபாய் அளவில் ஒரு தூர அளவு சென்சாரையும் ஒரு சிறு கணினிப் பலகையையும் வாங்கிவந்து, இறால் குளத்தின் நடைபாலத்தில் கட்டிவிடுகிறான். நீர்மட்டம் கைப்பேசியில் தெரிகிறது. பத்து நாள் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு தொடங்கும் தலைவலி. இரவு 150 செ.மீ., நள்ளிரவில் 163, விடியற்காலையில் 0, ஆறு மணிக்கு 655, பத்து மணிக்கு மறுபடியும் 149. குளத்துக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வெறும் பார்வைக்கு வைத்த கருவி என்றால் இதைச் சிரித்துவிட்டு விடலாம். அதையே மோட்டாருக்கு இணைத்திருந்தால் கதை வேறு. தண்ணீர் குறைந்துவிட்டதாக நினைத்து இரவெல்லாம் உவர்நீரை இறைத்து, கரை கரைந்து, வளர்ந்த இறால் வாய்க்காலில் போகலாம். தண்ணீர் நிறைந்துவிட்டதாக நினைத்து மோட்டார் ஓடாமலே நின்றுவிடலாம். கோடையில் குளம் வற்ற வற்ற உப்பும் ஏறும், சூடும் ஏறும். இரண்டும் இறாலுக்கு ஆகாதவை.

பெரும்பாலானோர் உடனே செய்வது, சென்சாரை மாற்றுவது. புதியது பத்து நாள் நன்றாக இருக்கும், மறுபடி அதே கதை. கடலோரத்தில் இந்தக் கருவி கண்டபடி தவறு செய்வதில்லை. எந்த நேரத்தில், என்ன எண்ணைக் காட்டித் தவறுகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்தால், பழுது எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கருவி எதை அளக்கிறது?

சந்தையில் அதிகம் விற்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 என்ற சென்சாரில் இரண்டு உருளைக் கண்கள் இருக்கும். ஒன்று வாய், மற்றது காது. பலகை கட்டளை கொடுத்ததும், வாய் நம் காதுக்குக் கேட்காத 40 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை எட்டுத் துடிப்புகளாக அனுப்பும். அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் காது சொல்லும். ஒரு செ.மீ. தூரம் போய்வர ஏறத்தாழ 58 மைக்ரோ விநாடி. ஆகவே கிடைத்த நேரத்தை 58-ஆல் வகுத்தால் தூரம்.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். கருவி அளப்பது தண்ணீரின் ஆழத்தை அல்ல, சென்சாருக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள காற்றை. அந்தக் காற்றின் சூடு, அதிலுள்ள உப்பு ஈரம், நீரின் மேலுள்ள நுரை எல்லாமே அளவில் வந்து விழும். காட்டுப்பள்ளி போலக் கிழக்கே கடலும் மேற்கே கால்வாயும் கழிமுகமும் சூழ்ந்த நிலத்தில், கோயம்புத்தூர்க் கிணற்று மேட்டில் வராத தொல்லைகள் வருவது அதனால்தான்.

முதலில் வீட்டுச் சுவரில் சோதியுங்கள்

குளத்தில் நின்றுகொண்டு பழுது தேடாதீர்கள். கருவியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மின்விசிறி இல்லாத அறையில், வெறும் சுவருக்கு நேராக, டேப்பால் அளந்து சரியாக ஒரு மீட்டரில் வையுங்கள். அதே பலகை, அதே ஒயர், அதே மின்சாரம். எதையும் மாற்ற வேண்டாம். நூறு அளவு எடுங்கள். எல்லாம் ஒரு செ.மீ.க்குள் அடங்கினால் கருவியில் அந்த நேரத்துக்குக் குறையில்லை, குளத்தின் சூழலைத்தான் பார்க்க வேண்டும். வீட்டிலேயே குதித்தால் மின்சாரம், ஒயர், நிரல் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடுங்கள். அரை மணி நேரம் ஆகும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நாள்கணக்கில் அலைபவர்கள்தான் அதிகம்.

அடுத்து, குளத்தில் ஒரு கம்பு நட்டு அதில் செ.மீ. கோடு போட்டுப் பெயின்ட் அடியுங்கள். ஒரு முழு நாள், மூன்று மணிக்கு ஒருமுறை, கம்பில் கண்ணால் பார்த்த மட்டத்தையும் கருவி சொன்ன எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மோட்டார், ஏரேட்டர் ஓடியதா, காற்று எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

இரவில் குதித்து, வெயில் ஏறியதும் சரியானால்

நம் கடலோரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டு உப்பு ஜாடி கசிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல்காற்றில் வரும் உப்புத் துகள் பலகையின் மீதும் ஒயர் முனைகளிலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பகலில் அது காய்ந்த தூள், மின்சாரத்தைக் கடத்தாது. இரவில் ஈரம் ஏறியதும் அதே தூள் உப்புக் கரைசலாகி, பக்கத்துப் பக்கத்து ஊசிகளுக்கிடையே கள்ளத்தனமாக மின்சாரத்தைக் கசியவிடுகிறது. அளவு 150-லிருந்து 163-க்குத் தாவுவதும், எதிரொலி வராமலே வந்ததாகச் சொல்வதும் இந்தக் கசிவால் நேரலாம். பத்து மணி வெயிலில் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் பகலில்தான் பார்ப்பார், நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தருவார்.

உறுதிப்படுத்துவது எளிது. ஒயரைப் பிடுங்கி முனையைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்பு உள்ளே வந்துவிட்டது. செருகி எடுக்கும் சின்ன ஜம்பர் ஒயர்கள் மேசைமேல் விளையாடச் செய்யப்பட்டவை. கடலோரக் குளத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஒயர்களை நேராகப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் பாதுகாப்பு வார்னிஷை இரண்டு பூச்சு கொடுங்கள். நகப்பூச்சுகூட அவசரத்துக்கு ஓரளவு உதவும். ஆனால் சென்சாரின் கண்களில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, பட்டால் அது செவிடாகிவிடும்.

பெட்டியை அடைக்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. சில சிலிகான் பசைகளில் வினிகர் வாடை அடிக்கும். காயும்போது அதிலிருந்து வெளிவரும் அமிலம் மூடிய பெட்டிக்குள் தங்கிச் செம்பை அரிக்கும். உப்பைத் தடுக்கப் போய் அமிலத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். வாடையில்லாத, நியூட்ரல் என்று எழுதிய சிலிகானைக் கேட்டு வாங்குங்கள். ஒயர் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

பலகை காய்ந்து சுத்தமாக இருந்தும் விடியற்காலையில் மட்டும் தவறினால், சென்சாரின் கண்ணில் பனித்துளி நிற்கிறதா பாருங்கள். வலை போட்ட கண்ணுள்ள சென்சார் திறந்தவெளிக்கு ஏற்றதே அல்ல. ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி போன்ற நீர்புகா வகை, கார் பம்பரில் இருக்கும் சென்சார் போல ஒற்றைக் கண்ணோடு வரும், விலை சில நூறு ரூபாய். குளத்துக்கு அதையே வாங்குங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அதன் முகத்தைத் துடைத்தால் போதும். ஒரு குறை உண்டு. ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ.க்குள் இருப்பது அதற்குத் தெரியாது. தண்ணீர் அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் ஒரே எண்ணில் நின்றுவிடும், அல்லது இரண்டாவது எதிரொலியைப் பிடித்துத் தூரத்தை இரட்டிப்பாகச் சொல்லும்.

சூரியத் தகட்டில் ஓடும் கருவி என்றால் இரவுத் தொல்லைக்குப் பேட்டரியும் காரணமாகலாம். இரவு பதினோரு மணிக்கு, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, சென்சாரின் விசிசி, ஜிஎன்டி முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். இந்தச் சென்சார் 5 வோல்ட்டுக்கு உரியது. 3.7 வோல்ட் லித்தியம் செல்லை நேராகக் கொடுத்துவிட்டுச் சென்சாரைத் திட்டுவதில் பயனில்லை, இடையே 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பூஸ்டர் வேண்டும்.

நண்பகலில் தண்ணீர் ஏறுவது போலக் காட்டினால்

இங்கே அளவு குதிக்காது, மெல்ல நகரும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். 25 டிகிரியில் விநாடிக்கு 346 மீட்டர், 40 டிகிரியில் 355 மீட்டருக்கு மேல். நிரல் இரண்டுக்கும் 58 என்ற ஒரே எண்ணால் வகுக்கிறது. சென்சார் நீருக்கு மேல் ஒன்றரை மீட்டரில் இருந்தால், விடியற்காலையில் 149 என்று காட்டுவது நண்பகலில் 145 என்று காட்டும். நான்கு செ.மீ. தண்ணீர் ஏறிவிட்டது போலத் தோன்றும். ஒரு ஏக்கர் குளத்தில் நான்கு செ.மீ. என்பது சுமார் 1,60,000 லிட்டர். தினமும் சில மில்லிமீட்டராக ஆவியாகும் நீரையும் கரையில் கசியும் நீரையும் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கருவியை வைத்தீர்கள். அந்தக் கணக்கையே வெயில் விழுங்கிவிடும்.

ஒரு வெப்பநிலை சென்சாரைச் சேர்த்துவிட்டால் இது தீரும். வெப்பநிலையை 0.606-ஆல் பெருக்கி 331.3-ஐக் கூட்டுங்கள், அது ஒலியின் வேகம். அதை எதிரொலி நேரத்தால் பெருக்கி 20,000-ஆல் வகுத்தால் தூரம் செ.மீ.யில் வரும். வெப்பநிலை சென்சாரைத் தண்ணீருக்குள் போடாதீர்கள். ஒலி போகும் காற்றில், நிழலில் தொங்கவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் தினமும் ஒரே நேரத்தில், விடிவதற்குச் சற்று முன் எடுத்த அளவை மட்டும் ஒப்பிடுங்கள். செலவில்லாத வழி அதுதான்.

இது மலிவுக் கருவிக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்காவின் கடல்மட்ட நிலையங்களில் ஒரு குழாய்க்குள் ஒலி அனுப்பி அலையேற்றத்தை அளந்துவந்தார்கள். குழாயின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் அவர்களையும் படுத்தியது. பிறகு ரேடார் அளவிகளுக்கு மாறினார்கள்.

மோட்டார் போட்டதும், தகவல் அனுப்பும்போதும் தவறினால்

ஏரேட்டர் கிளம்பும் நொடியில் மட்டும் அளவு தாவுகிறதா? மின்சாரத்தில்தான் கோளாறு. மோட்டாருக்கும் கருவிக்கும் ஒரே லைனிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். சென்சாரின் மின் முனைகளுக்குக் குறுக்கே 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்றும், சென்சாருக்கு அருகிலேயே போடுங்கள். வைஃபை, சிம் கார்டு மூலம் தகவல் அனுப்பும் கணத்திலும் மின்சாரம் ஒரு நொடி சரியும். சில சிம் மாட்யூல்கள் அந்த நேரத்தில் 2 ஆம்பியர்வரை இழுக்கும். முதலில் அளந்துவிட்டு, பிறகு அனுப்புமாறு நிரலை வரிசைப்படுத்தினால் பாதித் தொல்லை போய்விடும்.

இஎஸ்பி32, இஎஸ்பி8266 பலகை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவை 3.3 வோல்ட்டில் பேசுபவை. சென்சாரின் எக்கோ முனை 5 வோல்ட்டை அனுப்பும். நேராக இணைத்தால் சில நாள் ஓடி, பிறகு அந்த ஊசி பழுதாகலாம். எக்கோ முனையில் 1 கிலோ ஓம், அதற்கு அடுத்து ஜிஎன்டிக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, இரண்டும் சேரும் இடத்திலிருந்து பலகைக்கு எடுங்கள். ஒயர் நீளமாகப் போனால் ஏரேட்டரின் இரைச்சலையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். பலகையைச் சென்சாருக்கு அருகே கொண்டுபோவதே நல்லது.

காற்று அடிக்கும்போதும் நுரை கட்டும்போதும்

கடல்காற்று தொடங்கும் பிற்பகலில் தவறினால் நீர்ப்பரப்பைப் பாருங்கள். சாய்ந்த அலை ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். நுரை அதைக் குடித்துவிடும், எதிரொலியே வராது. காற்று ஒதுக்கும் மூலையில் நுரை சேரும் என்பது உங்களுக்குத் தெரியும், கருவியை அந்த மூலையில் கட்டாதீர்கள். ஏரேட்டர் தெளிக்கும் இடமும் வேண்டாம். தீவனத் தட்டின் கயிறு, நடைபாலத்தின் கால், கரைப்புல் எதுவும் சென்சாருக்குக் கீழே ஓரடிச் சுற்றுக்குள் வரக்கூடாது. ஒலி டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே போகும், முதலில் படுவதையே தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும்.

அலையை அடக்க நான்கு அங்குல பி.வி.சி. குழாயை நட்டு அதன் தலையில் சென்சாரைப் பொருத்துகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. குறுகிய குழாயில் சுவரிலும் இணைப்பு விளிம்பிலும் பட்ட ஒலியே முதலில் திரும்பும். பிறகு தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே எண்ணைக் காட்டும். குதிக்கும் கருவியாவது சந்தேகம் எழுப்பும், ஒரே எண்ணைக் காட்டும் கருவி நம்மைத் தூங்கவைத்துவிடும். குழாய்க்குப் பதிலாக, பழைய பிளாஸ்டிக் டிரம்மின் அடியை வெட்டி, பக்கத்தில் துளைகள் போட்டு, தண்ணீருக்குள் நிறுத்துங்கள். உள்ளே நீர் அமைதியாக இருக்கும், அகலமும் போதும்.

0, 655, மைனஸ்: எண்களே சொல்லும் குறி

பழுது தேடும்போது நிரலில் காத்திருக்கும் நேரத்துக்கு எல்லை வைக்காதீர்கள். அப்போது 0 வந்தால் சென்சார் பதிலே சொல்லவில்லை, ஒயரையும் மின்சாரத்தையும் பாருங்கள். 655 அருகே வந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது, எதிரொலிதான் கிடைக்கவில்லை. எதுவும் கேட்காதபோது அது சுமார் 38 மில்லி விநாடி காத்திருந்து கைவிடும், அதை 58-ஆல் வகுத்தால் வரும் எண் இது. சில மாற்றுத் தயாரிப்புகளில் இன்னும் பெரிய எண் வரலாம். ஆர்டுயினோ ஊனோவில் மைனஸ் 470-ஐ ஒட்டி வந்தால் அதுவும் இதே நிலைதான். நேரத்தை ‘இன்ட்’ என்ற சிறிய பெட்டியில் வைத்ததால் எண் வழிந்துவிட்டது, ‘அன்சைன்டு லாங்’ என்று மாற்றுங்கள். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் 60 மில்லி விநாடி இடைவெளி கொடுங்கள், இல்லையென்றால் பழைய எதிரொலி புதியதோடு கலக்கும்.

நிரலில் வடிகட்டலாம், மறைக்கக் கூடாது

மேலே சொன்னவற்றைச் சரிசெய்த பிறகுதான் நிரலுக்கு வர வேண்டும். பத்து அளவின் சராசரி எடுக்கிறார்கள். ஒன்பது 150-ம் ஒரு 655-ம் சேர்ந்தால் சராசரி 200 வந்துவிடும். அதற்குப் பதில் ஒன்பது அளவு எடுத்து, சிறியது முதல் பெரியதுவரை அடுக்கி, நடுவில் நிற்கும் ஐந்தாவதை எடுங்கள். ஓரிரு கிறுக்கு எண்கள் ஓரத்துக்குப் போய்விடும்.

குளத்தின் கணக்கும் உதவும். நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் இறைக்கும் மோட்டார் ஒரு ஏக்கர் குளத்தில் நிமிடத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் நீரை உயர்த்தும். ஆகவே ஒரு நிமிடத்தில் ஐந்து செ.மீ. மாறியதாக வரும் எண்ணை நிராகரிக்கச் சொல்லலாம். ஆனால் எத்தனை எண்ணை நிராகரித்தது என்பதையும் கருவி பதிய வேண்டும். போன வாரம் நாளுக்கு ஐந்து, இந்த வாரம் நாளுக்கு இருநூறு என்றால் உப்பு உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிராகரித்த எண்கள் எல்லாம் ஒரே பக்கம் இறங்கிக்கொண்டே போனால், அது பழுதாக இல்லாமல் கரை உடைப்பாகவும் இருக்கலாம். நேரில் போய்ப் பாருங்கள்.

கிணறு, வயல், வெள்ளம்

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல ஆண்டுக் கதை. நல்ல நீரை அளவுக்கு மேல் இறைக்க இறைக்க உப்பு உள்நோக்கி நகரும். அதனால் கிணற்று மட்டத்தைக் கவனிப்பது மிக நல்லது. ஆனால் அதற்கு இந்தச் சென்சாரைப் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு மீட்டருக்கு மேல் அதற்கு எட்டாது, உறைச்சுவரும் மோட்டார்க் குழாயும் எதிரொலியைக் குழப்பும். தண்ணீருக்குள் இறக்கும் அழுத்த சென்சார் விலை கூடுதல் என்றாலும் அதுவே பொருத்தம், அல்லது ஒரு கயிறும் கல்லும். நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவோர், துளையிட்ட குழாய்க்குள் மட்டம் வயலுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால் போதும். அங்கே ஒரு அடிக்கோல் போதும், சென்சார் தேவையே இல்லை.

கால்வாய், ஏரிக்கரையில் வெள்ள மட்டம் பார்க்க வைப்பவர்கள் உயரத்தை யோசித்து வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர் கரைகளில் நீர் எவ்வளவு ஏறியது என்று ஊரில் பெரியவர்கள் சுவரைக் காட்டிச் சொல்வார்கள். அந்த அடையாளத்துக்கு மேல் குறைந்தது அரை மீட்டர் விட்டுச் சென்சாரைப் பொருத்துங்கள். இல்லையென்றால் மிகவும் தேவைப்படும் இரவில்தான் தண்ணீர் அதன் குருட்டு எல்லைக்குள் வந்து நிற்கும்.

மோட்டாரைக் கருவியிடம் ஒப்படைப்பதாக இருந்தால், அதோடு தனியாக ஒரு மிதவை சுவிட்சைக் குளத்தின் உச்ச மட்டத்தில் வையுங்கள். கருவி என்ன சொன்னாலும் மிதவை எழுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் வாய்க்காலிலும் ஒரு மிதவை இருந்தால், அது வற்றும்போது மோட்டார் வெறுமனே ஓடிக் கருகாது. பத்து நிமிடம் தொடர்ந்து சரியான அளவு கிடைக்கவில்லையென்றால் மோட்டாரை நிறுத்திவிட்டு உங்கள் கைப்பேசிக்குத் தகவல் அனுப்புமாறு நிரலில் எழுதுங்கள். உவர்நீரருகே 230 வோல்ட் போகும் இடங்களில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை, சிலிக்கா ஜெல் மாற்றும் அன்றே அழுத்திப் பாருங்கள்.